ஹன்னா அந்த வீட்டுக்குள் போனாளா?

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் இளம் மிஸ்ஸிகள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாரும் பெரிய மருத்துவமனைகளில் தாதிகளாக இருப்பவர்கள். பேச்சு எங்கெங்கோ போய் டெட்டனஸில் வந்து நின்றது. அவர்களில் ஒருத்திகூட அந்த நோயாளியைக் கண்ணால் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

"மூச்சு மிஷின் இல்லாத காலத்துல எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கதவுக் கீலுக்கு வாஸலின் தடவுவோம்" என்றேன்.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு ரப்பர் தகடு உலர்த்தும் புகைக் கொட்டகையில் வேலை. படிப்பு ஓரளவு வந்ததால் தாதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வலி, புரியாத ஆங்கிலம், கஞ்சி போட்ட தொப்பி, வீட்டு நினைப்பு. எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் வந்து விழுந்தேன். அங்கேதான் தலைமைத் தாதி சிஸ்டர் வோங் இருந்தார்.

ஒல்லியான, குள்ளமான சீன மாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும். நாம் கிட்டே போய்க் குனிந்து நின்றுதான் திட்டு வாங்க வேண்டும். வார்டுக்குப் புதிதாக வருகிறவளுக்கு அவர் வைக்கும் முதல் சோதனை, எனாமல் தட்டில் கண்ணாடி ஊசிக் குழல்களை அடுக்கி, வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோவது. ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். நான் ஒரு பிற்பகல் முழுக்க நடந்தேன்.

"பிளான்-பிளான்லா, சரோஜா" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ் அவருடையது. "நீ ஓடினா படுத்திருக்கறவங்களுக்குப் பயம் வரும்."

அவர் எந்தக் கடவுளைக் கும்பிட்டார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. வார்டுக்குள் யாருடைய கடவுளையும் சத்தமாகக் கூப்பிட அவர் விட்டதில்லை.

வார்டின் கடைசியில் சாமான் வைக்கும் அறை ஒன்று இருந்தது. டெட்டனஸ் நோயாளி வந்தால் அதைக் காலி செய்து இருட்டறையாக மாற்றுவோம். இந்த நோயில் கிருமியின் நஞ்சு நரம்பில் ஏறி உடம்பு முழுவதையும் இறுக்கிவிடும். ஒரு சின்னச் சத்தம், திடீர் வெளிச்சம், எதிர்பாராத ஒரு தொடுதல் போதும். உடம்பு வில்லாக வளைந்து முதுகு மெத்தையை விட்டு எழும்பும். நெஞ்சு இறுகி மூச்சு நிற்கும். அதைவிடக் கொடுமை, நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும். எல்லாம் கேட்கும், எல்லாம் வலிக்கும். வாயை மட்டும் திறக்க முடியாது.

அதனால் ஜன்னலில் பச்சைத் துணி தைத்துத் தொங்கவிடுவோம். கதவுக் கீலுக்கும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும் வாஸலின். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போவோம். கைக்கடிகாரம் வெளியே. தூக்க மருந்து ஏறிய பிறகுதான் புரட்டுவது, துடைப்பது, மூக்குக் குழாயில் பால் விடுவது எல்லாம். சளி உறிஞ்சும் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இழுப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணோரம் ஒரு துடிப்பு தெரியும். அதைப் பிடிக்கத் தெரிந்தவள்தான் அந்த அறைக்கு உதவுவாள்.

நான் பார்த்த முதல் நோயாளி கடற்கரை ஊரான லூமுட்டிலிருந்து வந்தவர். மீன் காயப்போடும் மலாய்ப் பெண்மணி. தேறி வருகிறார் என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் வார்டில் யார் கையிலிருந்தோ ஒரு தகர மூடி விழுந்தது. அந்த இழுப்பிலிருந்து அவர் திரும்பவில்லை. யார் கை என்று சிஸ்டர் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வார்டிலிருந்த ஒவ்வொரு மூடியின் விளிம்பிலும் துணி சுற்றித் தைத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஆள் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பூங்காவனம் வந்தது அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரிதான். அங்கே ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்திருந்தார்கள். சிறு வயதிலிருந்து பால் வெட்டிப் பழகியவள், இப்போது செம்பனைக்குக் கீழே உதிர்ந்த பழம் பொறுக்கினாள். மட்டை முள் ஒன்று காலில் ஏறி ஒடிந்துவிட்டது. ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அந்தியில் தண்ணீர்க் குழாயடியில் தாடை பிடித்துக்கொண்டது.

அவளைக் கொண்டுவந்த வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கணவர் வீரையா. நெற்றி நிறையத் திருநீறு, கசங்கிய காக்கிச் சட்டை. இன்னொருத்தி எஸ்தர். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை.

வீரையா என்னிடம் முதலில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மிஸ்ஸி, நேத்து அழுதுக்கிட்டு இருந்தா. இப்ப பாருங்க, சிரிக்கிறா. கொஞ்சம் நல்லாயிருச்சு போல."

அது சிரிப்பில்லை. முகத்துத் தசை இறுகி உதடு இழுத்துக்கொண்டால் அப்படித்தான் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நின்றேன். எஸ்தர்தான் அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணே, அது வலிண்ணே" என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலைக் கீறிச் சுத்தம் செய்து, நஞ்சுமுறி மருந்து ஏற்றி, இருட்டறையில் போட்டோம். டாக்டர் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வைக்கிற மாதிரி இல்லை. அந்த வாரம் வார்டில் ஆள் பற்றாக்குறை வேறு. பகலில் ஒரு மிஸ்ஸி அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டால் மற்றக் கட்டில்களுக்கு யார் போவது? கூட ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. எஸ்தர் சிஸ்டரிடம் வந்து நின்றாள். பள்ளி விடுமுறை, நான் உட்காருகிறேன் என்றாள்.

சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மருந்து கட்டும் அறையில் ஒரு முக்காலியைக் காட்டி, "உக்காரு. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வார்டுச் சுற்று முடித்து, சாப்பிட்டுவிட்டு, வேண்டுமென்றே நேரம் கடத்தித் திரும்பி வந்தார். வரும்போது அவளுக்குப் பின்னால் ஒரு எனாமல் கிண்ணத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டார். நான் துள்ளிவிட்டேன். எஸ்தரின் கண் மட்டும் மூடித் திறந்தது.

"வளையல் வேணாம்" என்றார் சிஸ்டர்.

எஸ்தர் வளையல்களைக் கழற்றினாள். கொஞ்சம் யோசித்து, கழுத்துச் சங்கிலியையும் கழற்றினாள். குனியும்போது சிலுவை கட்டில் கம்பியில் தட்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தாள். வாசலில் நின்ற வீரையா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நடைபாதையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, அந்த டீச்சர ஏன் உள்ள விட்டீங்க?"

"அவங்க உங்க சம்சாரத்துக்குக் கூட்டாளிதானே?"

"சின்னப் புள்ளையிலருந்து ஒரே லயத்துல, பக்கத்துப் பக்கத்து வீட்டுல வளந்ததுங்கதான். நான் இல்லேங்கல. ஆனா எங்க அண்ணன் கதை உங்களுக்குத் தெரியாது." அவர் அந்த அறைக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அவன் ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேந்தான். போவட்டும்னு விட்டோம். எங்கம்மா செத்துச்சு. மூத்தவன் அவன்தான். கொள்ளி வைக்க மாட்டேன், எனக்கு ஆகாதுன்னு சுடுகாட்டு வாசல்லயே நின்னுட்டான். நான்தான் வச்சேன். இப்ப இவளும் அப்படி ஆயிட்டா? படுத்துக் கெடக்கறப்பதான் மனசு எளகும். அது தெரிஞ்சுதானே வந்து உக்காந்திருக்காங்க."

அவர் சொன்னதில் பாதி நான் பிறந்த தோட்டத்திலும் நடந்ததுதான். அடுத்த நாள் முதல் நானும் எஸ்தரின் உதடுகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஜெபத்தில் அசைகின்றனவா என்று.

ஈப்போவில் பிற்பகலானால் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறும். மழை என்றால் வெறும் மழையில்லை, இடி. கீலுக்கு வாஸலின் தடவலாம், வானத்துக்கு என்ன செய்வது? மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து நாங்கள் ஆளுக்கொரு சாக்கில் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவோம். மேகம் கறுத்தால் சிஸ்டர் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே ஒரு ஊசி போடுவார். அது போதுமா என்று யாருக்கும் தெரியாது.

பெரிய இடி விழுந்த நாள் நான் உள்ளே இருந்தேன். மழை தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே எஸ்தர் தன் உள்ளங்கையைப் பூங்காவனத்தின் கைக்குக் கீழே மெதுவாக நுழைத்து வைத்திருந்தாள். இடிக்கும்போது தொட்டால் அதுவே இழுப்பைக் கூட்டும், முன்னாலேயே அங்கே இருக்கிற கை அவளைத் திடுக்கிட வைக்காது என்று நான் சொல்லியிருந்தேன்.

கட்டிடம் அதிர்ந்தது. கண்ணோரம் துடித்ததை நான் பார்த்தேன். பார்த்த கணத்திலேயே முதுகு எழும்பிவிட்டது. தலையும் குதிகாலும் மட்டும் மெத்தையில். பல் நெரிபடும் சத்தம். முகம் கறுத்து, உதடு நீலமாகி, நெஞ்சு அசையாமல் நின்றது. நான் சளியை உறிஞ்சினேன். சிஸ்டர் எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை, ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நான் என் மனத்தில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அந்த லூமுட் பெண்மணியின் முகம்தான் முன்னால் வந்தது.

பிறகு மெல்ல, மிக மெல்ல, முதுகு இறங்கியது. ஒரு மூச்சு உள்ளே போனது.

எஸ்தரின் கையைப் பூங்காவனம் பிடித்திருந்த பிடியில் நகங்கள் இறங்கி ரத்தம் வந்திருந்தது. எஸ்தர் கையை இழுக்கவில்லை. பிடி தளரும்வரை காத்திருந்து, எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன். "டீச்சர், உள்ள உக்காந்து ஜெபம் பண்றீங்களா?"

"தெரியல மிஸ்ஸி. பயந்துக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். பயமா இருக்கு, பயமா இருக்குன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். அது ஜெபத்துல சேத்தியான்னு தெரியல."

அதற்கடுத்த நாள் அவளுடைய சர்ச் ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். நல்ல மனிதர்கள், வெகு தூரத்திலிருந்து வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பாட்டுப் பாடி ஜெபிக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் கையில் கிடார் இருந்தது. நான் தடுக்கப் போவதற்குள் எஸ்தர் படியில் இறங்கிப் போனாள்.

"வேணாங்க ஐயா. சத்தம் கேட்டா அவ உயிருக்கு ஆபத்து. வீட்டுலருந்தே ஜெபம் பண்ணுங்க."

"உங்களுக்கு அவ்வளவுதான் விசுவாசமா, சகோதரி?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது வருத்தத்தில்தான். ஆனாலும் எஸ்தருக்கு முகம் சிவந்து போனது. கைகூப்பினாள். வேன் திரும்பிப் போனது. அவள் வழியிலிருந்து விலகாமல் நின்றதை வீரையாவும் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தார். அன்று தேநீர் வாங்கி வந்தபோது பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டாக வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்து, "டீச்சர் காலையிலருந்து சாப்பிடலபோல" என்றார்.

இடிக்குப் பிறகு இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. தாடை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. கிசுகிசுப்பாகப் பேசலாம் என்று டாக்டர் அனுமதித்தார். பூங்காவனம் முதலில் கேட்பது தண்ணீராக இருக்கும், இல்லை பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். பல்லிடுக்கு வழியாக அவள் கேட்டது எனக்குப் புரியவே இல்லை.

"ஹன்னா... அந்த வூட்டுக்குள்ள போனாளா?"

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவள்தான் பிற்பாடு விளக்கினாள். தாப்பா டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் அவளுக்குப் பாடமாக வந்த தடித்த ஒரு பழைய நாவல். பூங்காவனம் தமிழ்ப் பள்ளியோடு நின்று பால் வெட்டப் போனவள். அவளுக்குக் கதை என்றால் உயிர். அதனால் எஸ்தர் அந்த நாவலைத் திரும்பப் படித்து, மாலை மாலையாகத் தண்ணீர்க் குழாயடியில் தமிழில் சொல்லி வந்திருக்கிறாள். சொத்துக்குச் சண்டை போடும் பெரிய வீட்டுப் பிள்ளைகள், காதல், கப்பல் என்று எத்தனையோ இருக்கிற கதை அது. பூங்காவனத்துக்குப் பிடித்துப்போனதோ அதில் நாலைந்து அத்தியாயம் மட்டும் வந்து போகிற, வலை பின்னும் ஒரு பெண். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஹன்னா. அவளுடைய கூட்டாளி ஒருத்தி, புருஷனையும் மகனையும் கடலில் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு சர்ச் வாசலில் காறித் துப்பிவிட்டு, ஜெபம் பண்ணுகிற எவளும் என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டவள். அவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டுவிட்டது. தெருவே ஒதுங்கிவிட்டது. ஹன்னா வேத புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் நிற்கிறாள். அங்கேதான் கதை நின்றிருந்தது. அடுத்து என்ன என்று கேட்கத்தான், தாடை இறுகிய அன்று, பூங்காவனத்துக்கு வாய் திறக்கவில்லை. அத்தனை இழுப்பிலும் அவள் அந்தப் படியிலேயே நின்றிருக்கிறாள்.

"நாளைக்குச் சொல்றேன் பூவு" என்றாள் எஸ்தர். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, அந்தக் கூட்டாளி செத்துப் போயிருவா. நான் எப்படி அதப் போய் இவகிட்ட சொல்லுவேன்? மாத்திச் சொல்லிடவா?"

மனம் பதறினாலும் இழுப்பு வரும். கதையை மாற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் பூங்காவனத்தின் கண்களைப் பார்த்திருந்தேன். பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிற கண்கள்.

இதற்குள் அந்தக் கிசுகிசுப்பு வீரையா காதுக்குப் போய்விட்டது. வார்டைப் பெருக்குகிற அம்மாள் ஏதோ பாதி கேட்டு, டீச்சர் வேதக் கதை சொல்கிறார் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் நேரே சிஸ்டரிடம் வந்துவிட்டார்.

"சிஸ்டர், எனக்கு என் பொண்டாட்டி இந்த ரூமுக்குள்ள வந்த மாதிரியே வெளிய வரணும். கதை சொல்லி மனச மாத்துறாங்க. டீச்சர வெளிய அனுப்புங்க. இல்லாட்டி நான் அவள வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

அந்த நிலையில் அவளை அசைத்தாலே போதும், உயிர் போய்விடும். சிஸ்டர் குரல் தாழ்ந்தது. நான் குனிய வேண்டியிருந்தது, வீரையாவும் குனிந்தார்.

"நீ கதை கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டுட்டு வா. அப்புறம் நான் அனுப்பறேன், நீ சொன்னா. சப்பாத்தைக் கழட்டு."

அப்படித்தான் மறுநாள் காலை அந்தச் சின்ன அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். கட்டிலின் தலைமாட்டில் நான், குழாயோடு. பக்கத்தில் முக்காலியில் எஸ்தர். கால்மாட்டில் தரையில் வீரையா, முழங்காலைக் கட்டிக்கொண்டு. எஸ்தரின் குரல் காற்று மாதிரி வந்தது.

"ஹன்னா படியில நின்னுக்கிட்டு இருந்தாளா. அவளுக்கு ரொம்பப் பயம். காய்ச்சல் ஒட்டிக்கும்னு பயம். நெல்லி ஏசுவாளேன்னு பயம்."

"நெல்லி" என்றாள் பூங்காவனம். உதட்டோரம் அசைந்தது. அந்தக் கூட்டாளியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நெல்லிக்காய் நினைவு வந்து அவளுக்குச் சிரிப்பு வருமாம். இந்த முறை அது உண்மையான சிரிப்புதான். வீரையாவும் அதைக் கண்டுகொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கையில இருந்த வேத புத்தகத்த வெளிய ஜன்னல் திட்டுல வச்சிட்டா. ஜெபம் பண்றவ யாரும் வரக் கூடாதுன்னு நெல்லி சொல்லியிருக்கால்ல. அப்புறமாத்தான் கதவத் தள்ளினா. நெல்லி கண்ணத் தொறந்து, 'ஜெபம் பண்ண வந்தியா?'ன்னு கேட்டா. 'இல்ல, தண்ணி வைக்க வந்தேன்'னு சொல்லிட்டு ஹன்னா அடுப்பப் பத்த வச்சா."

பூங்காவனம் கண்ணை மூடித் திறந்தாள்.

"எத்தனையோ நாளு அங்கேயே இருந்தா. துணி தொவைச்சா, கஞ்சி கொடுத்தா. அவ மனசுக்குள்ள ஜெபம் பண்ணினாளா இல்லையான்னு எழுதினவரு எழுதல. ஆண்டவரப் பத்தி ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லல."

எஸ்தர் நிறுத்திவிட்டாள்.

"செத்துட்டாளா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் பூங்காவனத்தின் கண்ணோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் குழாயை அழுத்தியிருந்தது.

"பொய் சொல்லாதடி எஸ்தரு."

"ஆமா பூவு. செத்துட்டா."

துடிப்பு வரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்தான் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைக்கவில்லை. தொடக் கூடாது.

"கடைசியில அந்த நெல்லி, ஹன்னாவோட சாமிக்கு மாறினாளா?" இதைக் கேட்டது வீரையா. அவர் குரலை அவ்வளவு மெல்லியதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இல்லண்ணே. கடைசி வரைக்கும் மாறல. அதனால சர்ச் கல்லறையில எடம் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. மதிலுக்கு வெளியதான் பொதைச்சாங்க. பாதிரியார் வரல, ஊர் வரல. ஹன்னா மட்டும் போனா. தன் கையால மண்ணு போட்டா. மழையில ரொம்ப நேரம் நின்னா."

"அவங்க ஆளுங்க அவள ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. எழுதினவரு சொல்லல. அடுத்த அத்தியாயத்துல பெரிய வீட்டுக் கதை வந்துரும். அப்புறம் அவளப் பத்திப் பேச்சே இல்ல. பரீட்சையிலகூட அவளப் பத்தி எங்களுக்குக் கேள்வி வந்ததில்ல."

வீரையா கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்க அண்ணன் இந்தப் பொஸ்தகத்தப் படிச்சிருப்பானா, டீச்சர்?"

எஸ்தர் தலையை ஆட்டினாள். தெரியாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஒரு ஆட்டல்.

அவர் எழுந்து வெளியே போனார். சிஸ்டர் நடைபாதையில் நின்றிருந்தார். "அனுப்பணுமா?" என்று கேட்டார். வீரையா சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேணாம் சிஸ்டர், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு படியிறங்கினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் இரண்டு கெட்ட இழுப்புகள் வந்தன. ஒரு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஒவ்வொரு பிற்பகலும் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வீரையா கோயில் திருநீறு கொண்டுவந்தால் எஸ்தரிடம் கொடுப்பார். அவள் அதைப் பூங்காவனத்தின் தலையணைக்கு அடியில், காகிதம் சரசரக்காமல், வைப்பாள். தானே நெற்றியில் பூசிவிடவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. அவரவர் எதுவரை வரலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு பார்வையாளர் நேரத்தில் வீரையாவைவிட மூத்த ஒருவர், வெள்ளைச் சட்டை, அதே தாடை, வாசலில் வந்து நின்றார். அண்ணன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆள் அனுப்பிச் சொன்னது வீரையாவா, எஸ்தரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெகு நேரம் நின்றார்கள். பேசினார்களா என்பது மாடியிலிருந்து தெரியவில்லை.

பச்சைத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். வெளிச்சத்துக்குப் பழக்கினோம், பிறகு குரலுக்கு, பிறகு கை தொடுவதற்கு. கடைசியில் நடை. பூங்காவனத்தின் கால்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன. வார்டு நடைபாதையில் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் எஸ்தருமாகத் தாங்கிக்கொண்டு நடத்தினோம். வீரையா பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், எங்கே உட்கார வேண்டியிருக்குமோ என்று. நடைபாதையின் கோடியில் சிஸ்டர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி தூரம் போயிருப்போம். சாப்பாட்டு வண்டி தள்ளிவந்த பெண்ணின் கால் எதிலோ இடறி, தகரத் தட்டுகள் அத்தனையும் சிமெண்டுத் தரையில் கொட்டின.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வார்டே உறைந்தது. வீரையா நாற்காலியைப் போட்டுவிட்டு மனைவியின் முதுகைப் பிடிக்கப் பாய்ந்தார். நான் அவள் கண்ணோரத்தைப் பார்த்தேன். சிஸ்டர், ஓடாதே ஓடாதே என்று எங்களுக்கு ஆயுள் முழுக்கச் சொன்ன சிஸ்டர், ஓடி வந்துகொண்டிருந்தார். எஸ்தருக்கு உடம்பு வெடவெடவென்று ஆடியது. அத்தனை நாள் அந்த முக்காலியில் அசையாமல் வைத்திருந்த நடுக்கமெல்லாம் சேர்ந்து அப்போதுதான் வெளியே வந்தது. பல் கிட்டிக்கொண்டு, நிற்க முடியாமல், பூங்காவனத்தின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

பூங்காவனம் விறைத்த கையை மெதுவாகத் தூக்கி அவளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி, சோத்துத் தட்டு" என்றாள். "நான் பிடிச்சிருக்கேன், விழ மாட்ட. பயப்படாத."